மேல போயிட்டாரு: புக்கிட் செலம்பாவுக்கு ஒரு தேத்தண்ணிப் பயணம்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட மூன்றாவது வருடம், லூனாஸிலிருந்து புக்கிட் செலம்பாவுக்குச் சைக்கிளில் போய் வந்தேன். தேத்தண்ணி குடிக்க. சுமார் முப்பது மைல் மிதித்துப் போய்த் தேத்தண்ணி குடிக்கிறவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்பீர்கள். கெட்டுத்தான் போயிருந்தது. இன்றைக்கும் முழுதாகத் தெளியவில்லை.

ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளும், தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர்களும் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது சண்டைக்கு முன்பிருந்தே வழக்கம். எந்தத் தோட்டத்தில் வேலை காலி, எந்த மேனேஜர் சிடுமூஞ்சி என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். என் வேலையும் அப்படிக் கிடைத்ததுதான். இந்த முறை நான் வேலைக்காகப் போகவில்லை. என் தங்கை செல்லத்தின் புருஷன் தங்கவேலு மச்சானும் ஒரு கிராணி. சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் பிடித்துப் போனபோது, கூலிகளுக்குக் கணக்கெழுத அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வருடமாக ஒரு தகவலும் இல்லை. அவரோடு ஒரே கேம்ப்பில் இருந்த ஒரு டிரெசர் காய்ச்சலில் விழுந்து திரும்பி வந்திருக்கிறார், கூட்டத்துக்கு வருவார் என்று கேள்விப்பட்டேன்.

"இருக்காரா இல்லையா, அத மட்டும் கேட்டுட்டு வாண்ணே. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் செல்லம்.

விடிந்ததும் கிளம்பினேன். ட்யூப் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர் பாலால் ஒட்டிய கெட்டி ரப்பரைச் சுற்றியிருந்தேன். அதில் ஏறி உட்கார்ந்தால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து குசலம் விசாரிக்கும். பாடாங் செராய் வரை நிழல், அதற்குப் பிறகு வெயில். மூடா ஆற்றுப் பாலம் உடைந்து கிடந்ததால் சம்பான் படகுதான். படகுக்காரர் ஜப்பான் நோட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "காராம் அடா?" என்றார். மலாயில் காராம் என்றால் உப்பு, உப்பு இருக்கிறதா என்று கேட்கிறார். ஊரிலிருந்து வந்த புதிதில் என் அப்பா இதே கேள்விக்கு மிளகாயை எடுத்து நீட்டினாராம். நான் ஒரு பிடி உப்பு கொடுத்துக் கரையேறினேன். சுங்கைப் பட்டாணி ஜப்பான் காவலில் இறங்கி, இடுப்பு வளையக் கும்பிடு போட்டுவிட்டு, அங்கிருந்து பத்து மைல் செம்மண் பாதை.

நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாலுக்கே போய் நின்றால் வீட்டில் ஒருவரும் இல்லை. ஆபீஸ் கடிகாரங்கள் முந்தி ஓடும் டோக்கியோ மணிக்கு மாறிவிட்டன, அழைத்தவர் சொன்னதோ பழைய மணி. ஒன்றரை மணி நேரம் ஒரு ரப்பர் மரத்தடியில் கிடந்தேன். முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்பீர்கள். "பழைய மணியா, புது மணியா?" என்று கேட்டாலே நாம் யார் பக்கம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி. வாசலிலேயே எல்லாரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னார். "சண்டை பேசாதீங்க, அரிசி பேசாதீங்க, சயாம் பேசாதீங்க. மத்தபடி ஒங்க வீடு மாதிரி நெனச்சிக்குங்க லா." காரணம், ஜப்பான் ஆபீசில் மொழிபெயர்க்கிற ஒருவரும் வந்திருந்தார். நம்மவர்தான், நல்ல சிரித்த முகம். எதைக் கேட்டுக்கொண்டு போய் எங்கே சொல்லுவார் என்று யாருக்கும் தெரியாது. பாவம், ஒன்றுமே சொல்லாதவராகவும் இருக்கலாம்.

அந்த மூன்றையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது மரவள்ளிக்கிழங்கும் சிரங்கும்தான். வறுத்த சோளத்தில் போட்ட, சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பத்துப் பேர் சிரங்கைப் பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் ஜித்ராவிலிருந்து வந்த கிராணி ஒருவர், "எங்க ஊருக்குப் புது சயாம் ஆபீசர் வந்திருக்காரு" என்றார். எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரர்கள் சயாமிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார்கள், அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் சயாம் என்றாலே எங்களுக்குத் தண்டவாளம். எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"நான் என்னாங்க சொல்லிட்டேன்?" என்றார் அவர் பரிதாபமாக.

"வேப்பெண்ண நல்லதுன்னு சொன்னீங்க" என்றார் பெரிய கிராணி.

நாம் இருக்கும் நாட்டின் பெயரையே சொல்லக் கூடாதென்றால் வேறு எதைத்தான் சொல்வது?

நான் தேடி வந்த டிரெசர் மூலையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தார். பக்கத்தில் போய்க் கையை நீட்டி, "இந்தச் சிரங்குக்கு என்ன போடலாம்ணே?" என்றேன். அவர் என் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்க்கும்போது, "லூனாஸ் தங்கவேலு கிராணி எங்க மச்சான். ஒங்களோட இருந்தாராமே" என்றேன் மெதுவாக.

"இருந்தாரு."

"இப்ப?"

"மேல போயிட்டாரு, தம்பி."

செத்துவிட்டார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அடுத்த நொடியே இன்னொன்றும் தோன்றியது. தண்டவாளம் போகப் போக, பர்மாப் பக்கமாக மேலே மேலே கேம்ப் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்த மேலேயா? அல்லது நாம் எல்லாரும் சொல்கிற அந்த மேலேயா? "செத்துட்டாரா?" என்று கேட்க வாயெடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டேன். பிறகு, ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"மேல குளிருமாண்ணே?"

உயிரோடு இருந்தால் கம்பளி இருக்கிறது, இல்லை என்று ஏதாவது வருமல்லவா? அவர் என் கையை விடாமல், "அவருக்குக் குளிரெல்லாம் தெரியாது" என்றார்.

மச்சான் மார்கழி விடியலிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

"எங்க குளிருதாம்?" என்று மொழிபெயர்ப்பாளர் எழுந்து வந்தார்.

"கேமரன் மலைல" என்றார் டிரெசர். அதன்பிறகு அந்த மனிதர் எங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருட்டும் முன் கிளம்பினேன். "போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொன்னேன். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்றார்கள். மொழிபெயர்ப்பாளரின் குரல்தான் எல்லாரையும்விட இனிமை. டிரெசர் சைக்கிள் வரை கூட வந்தார். ஹேண்டிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி உள்ளே போய்விட்டார். பயந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சுங்கைப் பட்டாணியில் தெரிந்த ஒருவரின் கடையில் தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் வீடு வந்தேன். வழியெல்லாம் மச்சான் ஒரு மைலுக்கு இருந்தார், அடுத்த மைலுக்கு இல்லை.

செல்லத்திடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"எந்த மேல?" என்றாள்.

"தெரியலம்மா."

குளிர் கதையைச் சொன்னதும் லேசாகச் சிரித்தாள். "தெரியாதுதான் அவருக்கு." பிறகு கேட்டாள், "நீ கெளம்புறப்ப போயிட்டு வாங்கன்னு சொன்னாரா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரையும் கேக்கல. அந்த டிரெசரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கம் சொன்ன இடத்தில் போய் வருகிறேன் என்று சொல்வதுமில்லை, போய் வாருங்கள் என்று வழியனுப்புவதுமில்லை. "சொல்லல" என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் குழாயடிக்குப் போனாள். உடுத்திய சேலையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். "அவரு பயந்துகூடச் சொல்லாம இருந்திருக்கலாம், செல்லம்" என்று கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதற்குள்ளும் சந்தேகம் இருந்தது.

சண்டை முடிந்துவிட்டது. மச்சான் வரவில்லை, காகிதமும் வரவில்லை. அந்த டிரெசரும் நான் போய் வந்த அதே வருடம் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்தப் பாதையில் இன்றும் பலர் தங்கள் மனிதர்களைத் தேடிப் போவதால் எழுதி வைக்கிறேன். ஆற்றைக் கடக்க உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பாடாங் செராய் தாண்டினால் நிழல் கிடையாது. அழைத்தவரின் கடிகாரம் இன்னும் எந்த மணியில் ஓடுகிறது என்று அவர் மனைவியிடம் கேளுங்கள், ஆண்கள் சொல்ல மாட்டார்கள். பேச்சு எங்கேயாவது மாட்டிக்கொண்டால் சிரங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல் குளிருமா, மழையா என்று சுற்றி வளைக்காதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். யார் பதில் சொல்லவில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் பெடலை மிதியுங்கள்.