மலைக்கு வாங்கிய ஷாக்

என் ஜீப்பின் ஷாக் அப்சார்பர்கள் நான்கும் எண்ணெய் ஒழுகிச் செத்தபோது, புதியவற்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் இணையத்தில் படித்தேன். கல்லூரியில் அவ்வளவு படித்திருந்தால் வேறு ஆளாகியிருப்பேன். இத்தனைக்கும் அந்த ஜீப் தினமும் ஓடுவது வடமதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு, சமதளமான தார்ச்சாலையில். பக்கத்து இருக்கையில், வேலைக்குப் போகும் என் மனைவி.

"வீட்டம்மாவுக்கு முதுகுவலிங்கிறீங்க. மெத்துன்னு இருக்கிறதையே போடுங்க சார்" என்றார் மெக்கானிக் பாய்.

"மலையேற இறுக்கமானதுதான் வேணும் பாய்."

"எந்த மலைக்கு? சிறுமலைக்கு பஸ்ஸே போகுதே."

நான் படித்தவன் அல்லவா, இறுக்கமானதையே மாட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் வேகத்தடையில் அவள் கைப்பிடியைப் பற்றினாள். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். "செத்த நிறுத்துங்க, நான் பஸ்ஸுல வாரேன்" என்று இறங்கியவள் பிறகு ஏறவே இல்லை.

மூன்று வாரம் வீம்பாக இருந்துவிட்டு, "மெத்துன்னு இருக்கிறதையே மாட்டிர்றேன், வா" என்றேன்.

"வேணாங்க. பஸ்ஸுல சன்னலோரம் இடம் கிடைக்குது. ரெண்டு டீச்சருங்க வாராங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டே போயிர்றோம்."

பன்னிரண்டு வருடமாக அவளைச் சிரிக்கவைத்தபடி கூட்டிப்போவது நான்தான் என்று நம்பியிருந்தேன்.

ஷாக்கை மாற்றிவிட்டேன். பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பை இப்போது அலுங்காமல் வருகிறது.