ஒன்பதாயிரம் வரை ஏறிய இன்ஜின்

நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் பழைய கார் வாங்கி விற்பவன். என் பேச்சை யாரும் நம்பியதில்லை, நானும் அதை எதிர்பார்த்ததில்லை. ஆனால் இது நடந்தது. ராத்திரியில் இல்லை. போன சித்திரையில், பட்டப்பகலில், உச்சி வெயிலில்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் துணி வியாபாரம். நடை பழகுமுன் பேரம் பழகிய பிள்ளைகள் நாங்கள். பிடித்த சரக்கைப் பார்த்தால் முகம் சுளிக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். அப்பா பட்டுச் சேலையில் பிசிறு கண்டுபிடிப்பார். நான் நல்ல இன்ஜினில் சத்தம் கண்டுபிடிப்பேன். தொழில்தான் வேறு, வாய் ஒன்றுதான்.

காலாப்பட்டிலிருந்து சிந்தியா போன் செய்தாள். அவள் அப்பா லூயிஸ், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. பொங்கல் சமயத்தில் இறந்துவிட்டார். இவள் பிரான்சில் இருப்பவள். அடக்கத்துக்கு வந்தவள் இன்னும் சில நாளில் திரும்ப வேண்டும். ஷெட்டில் அப்பாவின் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்றாள்.

“ஓட்டறவங்க கைக்குப் போகணும் அண்ணே. உடைச்சு விக்கறவங்க வேணாம்.”

எந்தக் கார் என்று கேட்டேன். ஜப்பான் வண்டி. இரண்டே சீட்டு, இடது பக்க ஸ்டீயரிங், மடக்கித் திறக்கிற கூரை. இரண்டு லிட்டர், நாலே சிலிண்டர், டர்போ கிடையாது. ஆனாலும் இருநூற்று நாற்பது குதிரை சக்தி. எப்படி என்றால், சுற்றியே. நம் வீட்டுக் கார் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றிலேயே அலறும். இது ஒன்பதாயிரம் போகும். ஆறாயிரத்தைத் தாண்டியதும் உள்ளே வால்வைத் திறக்கிற கேம் மாறி, குரலே வேறாகும். அது சொன்னபடி நாம் கேட்டால் லேசில் கெடாத இன்ஜின். ஆயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். சூடாகும் முன் முறுக்கக் கூடாது. அவ்வளவுதான் அது கேட்பது.

சென்னையில் இதற்காகவே ஒரு ஆள் தவம் கிடந்தார். அவரிடம் பொன் விலைக்கு விற்க, இவளிடம் இரும்பு விலைக்கு வாங்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. ஆறிய இன்ஜினைச் சூடாகும் முன்பே முறுக்கி ஓட்டிவிட்டு, புகையும் கடகட சத்தமுமாகத் திரும்புவோம். சொந்தக்காரர் முகம் வாடிவிடும். விலையும் வாடிவிடும்.

சாவியைக் கொடுத்துவிட்டு சிந்தியா வாசற்படியில் உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டு ஐந்து. ஷெட்டுக்குள் நுழைந்தேன். பானெட் மேல் தூசு பாய் போலப் படிந்திருந்தது. இத்தனை நாள் நின்ற வண்டிக்கு பேட்டரி இறங்கியிருக்குமே என்று நினைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது.

ஈசிஆரில் வடக்கே விட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான். அதற்காக ஒரு சென்னை பஸ் கூடவா வராது? கூரை திறந்திருந்தது. வெயிலில் கண் கூசியது. ஆனால் ஸ்டீயரிங் சுடவில்லை. தலைமுடி ஒன்று கூட அசையவில்லை. எண்பதில் போகிறேன்… காற்றே இல்லை.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். நாலாயிரத்தில் முள் நின்றது.

மறுபடி மிதித்தேன். கால் இறங்கவில்லை. பெடலுக்கு அடியில் யாரோ பாதத்தைக் கொடுத்துத் தாங்குவது போல…

“துஸ்மான்…”

மெல்ல, மெல்ல என்று பொருள். புதுச்சேரியில் பிறந்தவனுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். வலது காதோரம் கேட்டது. வலது சீட்டைப் பார்த்தேன். காலி. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

கனகசெட்டிக்குளம் வந்தது. ரோட்டோரம் வலை காய்ந்தது. கருவாடு காய்ந்தது. வாசனை இல்லை.

திரும்பிவிட நினைத்தேன். கியரில் இருந்த என் கை மேல் இன்னொரு கை படிந்தது. காய்த்துப்போன, சில்லென்ற கை. அதுதான் கியரை மாற்றியது.

ஆறாயிரம். குரல் மாறியது.

ஏழு… எட்டு…

ஒன்பது.

தொண்டை எரிந்தது.

நான் கத்தினேனா… தெரியாது.

ஷெட்டுக்குள் இருந்தேன். எப்படி வந்தேன் என்று நினைவில்லை. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

ஒரு நொடி… மிக அருகில்… அப்புறம் அதுவும் நின்றது.

மணி ஒன்று பத்து. சட்டையின் முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். என் ரத்தத்தில் ஓடுவது வியாபாரம். இப்படி ஒரு இன்ஜினை நான் கேட்டதே இல்லை. அதை விட மனசில்லை. இறங்கிப் போய், பாடம் செய்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன்.

“இன்ஜின் போயிடுச்சும்மா. உங்கப்பா ஒழுங்கா பாத்துக்கல.”

சிந்தியா பேரம் பேசவில்லை. என் முகத்தையே பார்த்து அழுதாள். நான் சொன்ன விலைக்குத் தலையாட்டினாள். எதிராளி பேசாமல் ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும் என்று எங்கள் கடையில் சொல்லித்தான் வளர்த்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

சொன்ன பொய்க்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்தே முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். மெக்கானிக் ராஜவேல் பானெட்டைத் திறந்தான்.

“யோவ் கோபி, இத ஓட்டிப் பாத்தியா?”

“கனகசெட்டிக்குளம் வரைக்கும் போய்ட்டு வந்தேன்யா.” எனக்குக் குரலே வரவில்லை. அடித்தொண்டை ரணமாக இருந்தது.

“எத வச்சுப் போன? பேட்டரியே இல்ல. டேங்க் காஞ்சு கெடக்குது. பிஸ்டன் நாலும் துருப்புடிச்சு சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. இது ஓடி அஞ்சாறு வருசம் ஆவும். காதுலயே இன்ஜின் பாக்குறவன்னு ஊர்ல பேரு வேற உனக்கு.”

காலாப்பட்டுக்குப் போனேன். சிந்தியா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நான் வண்டிய எடுத்துட்டுப் போனேன்ல?”

“நீங்க எங்க அண்ணே போனீங்க?” மெதுவாகத்தான் சொன்னாள். “ஷெட்டுக்குள்ளயே உக்காந்திருந்தீங்க. ஒரு மணி நேரம். ஸ்டீயரிங்க புடிச்சுக்கிட்டு, வாயாலயே சத்தம் குடுத்துக்கிட்டு. சட்டையெல்லாம் எச்சி.”

நான் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“அப்பாவும் இப்படித்தான். வண்டி ஓடுதா பப்பான்னு போன்ல கேப்பேன். இருன்னு சொல்லி, ஸ்டார்ட் பண்ணி முறுக்கிக் காட்டுவாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மத்தியானம். இங்க வந்து ஷெட்டத் தொறந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அவ்வளவும் வாயாலன்னு. அத உங்ககிட்ட சொல்ல வாய் வரல. அதே சத்தம் அண்ணே. அதான் உங்கள நிறுத்தல.”

“இறங்கி வந்து உன்கிட்ட பேசினேனே…”

“விலை மட்டும்தான் உங்க கொரல்ல சொன்னீங்க. மத்ததெல்லாம் அப்பா கொரல்லதான். பிரெஞ்சுல. ‘நான் ஒழுங்கா பாத்துக்கலம்மா, பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடு’ன்னு.”

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. நான் சொன்னது விலையைக் குறைக்கிற பொய். அதைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவளை ஏற்றிப்போக வாசலில் டாக்ஸி வந்து நின்றது. சிந்தியா கிட்டே வந்து, அவர்கள் வழக்கப்படி என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள்.

“போய்ட்டு வரேன் பப்பா.”

என் பின்னால் யாரும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் கோபிநாத் என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வெட்கமாக இருந்தது.