துரையின் பெட்டியில் என் தலைமுடி

கல்யாணமாகி நான் ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போன புதிதில், மேல் பங்களாவில் ஒரு ஜெர்மானியத் துரை குடியிருந்தார். பௌதிகம் படித்தவர். மழை, காற்று, ஈரம் எல்லாவற்றையும் அளக்கக் கருவி செய்வதுதான் அவர் வேலை. ஈரம் பட்டால் தலைமுடி நீளும், காய்ந்தால் சுருங்கும். அதை வைத்து முள் நகர்கிற ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தார். அதற்கு நீளமான முடி வேண்டும். அவருக்கோ முழு வழுக்கை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருநாள் நான் பறிக்கிற இடத்துக்கே வந்தார்.

"கண்ணு, தொரைக்கு உன் தலைமுடி நாலு வேணுமாம். எண்ணெய் படாத முடி."

"ஏனுங்க, எனக்குச் செய்வினை வெக்கறதுக்குங்களா?"

"உனக்கில்ல. மழைக்கு."

புருஷன் கூடாதென்றார். எனக்கு ஆசை விடவில்லை. பத்து நாள் எண்ணெய் வைக்காமல் புதர் மாதிரித் தலையோடு போய் நின்றேன். துரை எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, நாலே நாலு முடியை வெட்டிப் பெட்டிக்குள் மாட்டினார். வாயால் ஊதினார். முள் ஓடியது. நான் கைதட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு மேனேஜர், பெட்டியைப் பார்த்துத்தான் காப்பியைக் களத்தில் காயப்போட்டார். ஒருநாள் நல்ல வெயிலில் முள் ஈரத்தைக் காட்டியது. அவசரமாகக் காப்பியை அள்ளினோம். ஒரு சொட்டு மழை இல்லை. மேனேஜர் என்னைத்தான் பிடித்தார்.

"உன் முடி பொய் சொல்லுது!"

"வெட்டிக் குடுத்த பின்னால அதுக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க" என்றேன்.

துரை நாள் முழுக்க ஆராய்ந்து கண்டுபிடித்தார். சமையல்காரர் கொதிக்கிற கெட்டிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பிறகு வெள்ளைக்காரருக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டது. ஜெர்மன்காரர் என்பதால் துரையைப் பிடித்துப்போக ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியைப் பார்த்ததும், ஒளித்து வைத்த வயர்லெஸ் என்று முடிவுகட்டிவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது உன் முடிதானா?"

"என்னுதுதானுங்க."

"இதுல ஏதாவது பேச்சு கேட்டிருக்கியா?"

"எந்தலையில இருந்தப்பவே பேசுனதில்லீங்க."

அதையும் எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. துரையோ, தன்னைப் பிடிக்க வந்ததையே மறந்து, பெட்டி வேலை செய்கிற விதத்தை அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் கேட்டார். இரண்டு முறை அவரே ஊதியும் பார்த்தார். அப்புறம் துரையை ஒரு காரிலும் பெட்டியை இன்னொரு காரிலும் ஏற்றினார்.

வடக்கே ஏதோ முகாமில் துரையை வைத்திருப்பதாக ரைட்டர் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு நான் அழுதேன். ஏன் என்று புருஷன் கேட்டபோது, என் முடியும் பெட்டியோடு போய்விட்டதே என்றேன்.