முதுகுக்கு இதமான மூட்டை

ஊருக்கே அவள் கரியக்கா. அறுவடை முடிந்து சோளத்தட்டையை வயலிலேயே கொளுத்துகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “மண்ணுக்குப் போக வேண்டியதை ஏன் புகையா விடுறீங்க?” என்று சண்டை போட்டுத் தட்டையை வாங்கிவருவாள். இரும்புப் பீப்பாயில் அதிகம் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, சாணக் கரைசலில் ஊறவைத்து, சிறு விவசாயிகளுக்கு உரமாகக் கொடுப்பாள்.

அன்றைக்குத் தண்ணீர் மோட்டார் பழுது. சுட்ட கரியை அணைக்க இரண்டு குடம் தண்ணீரை மட்டும் தெளித்து, மேலாகத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று இரண்டு மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் கொட்டகைக்குப் போனால், மாமனார் அதில் ஒரு மூட்டையில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தார்.

“இங்க என்ன பண்றீங்க மாமா?”

“முதுகுக்கு இதமா இருக்கும்மா. காலையில இருந்ததைவிட இப்ப இன்னும் கதகதன்னு இருக்கு.”

அணைந்த கரி ஆறிக்கொண்டே போகும், சூடு ஏறாது. தலைக்கு மேலே வைக்கோல் கூரை. மாமனாரைக் கைபிடித்து வெளியே விட்டாள். மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து முற்றத்தில் கொட்டினாள். காற்றுப் பட்டதும் கரிக்குள் நெருப்பு கண் திறந்தது. மாட்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அவசரத்தில் பாதி அவள் காலிலேயே கொட்டியது.

மாமனாருக்கு முகம் வாடிவிட்டது.

“சரி, போகட்டும். மூலையில இருக்கிற மூட்டை இதைவிடச் சூடு” என்று சொல்லிக்கொண்டே அவர் மறுபடியும் உள்ளே போனார்.