கண் மட்டத்தில் ஒரு முருகன்

ஒரு வாரமாக நான் புஷ்பத்தோடு சரியாகப் பேசுவதில்லை.

புஷ்பம் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி. தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வீட்டு வரிசையில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா. பதினைந்து வருசமாக றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். நல்லவள். இத்தனை நாளில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

இப்போதும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்திருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேனே...

சுற்றி வளைப்பானேன்? எனக்குப் பொறாமை. தினமும் காலையில் விளக்கேற்றுகிறவள்தான் நான். சஷ்டிக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறவள்தான். அதையெல்லாம் செய்துகொண்டேதான் பொறாமையும் படுகிறேன். வாராவாரம் என்னை வாசிக்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நடந்தது இதுதான்.

சமாதானம் என்று சொல்லி ரோட்டில் செக்பொயின்ட் குறைந்த பிறகு, கொழும்பிலிருந்து யார் யாரோ எங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கம் வருகிறார்கள். அப்படி வந்தவர்தான் சுகந்தி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொழும்பில் உத்தியோகம். என்ன உத்தியோகம் தெரியுமா? கண்காட்சி வைப்பது! கியூரேட்டர் என்று பெயராம். அவர் எதையும் வரைவதில்லை. மற்றவர்கள் செய்ததில் எதை எடுப்பது, எதை எங்கே வைப்பது, எதற்குப் பக்கத்தில் எது - இதை முடிவு செய்வதுதான் வேலை.

இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரே ஒரு காம்பராவுக்குள் அடுப்பையும் அலுமாரியையும் ஆறு பேரையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்கிற நாங்கள் எல்லாம் யார்?

மிஸ் எங்கள் தோட்டத் தலைவரைப் பிடித்து, மெனேஜர் துரையிடம் அனுமதி வாங்கி, பூட்டிக் கிடந்த பழைய ஸ்டோரைத் திறந்தார். ஒரு காலத்தில் றப்பர் ஷீட் அடித்துப் புகை போட்ட ஃபெக்டரி அது. ஒரு பக்கத்துச் சுவர் இன்றைக்கும் கரிக்கட்டை மாதிரி கறுப்பு.

"உங்கட கையால செய்தது எதெண்டாலும் கொண்டு வாங்கோ" என்றார். "ஞாயிற்றுக்கிழமை இஞ்ச வைப்பம். அதில ஒண்டைத் தெரிஞ்செடுத்து கொழும்புக் கண்காட்சிக்குக் கொண்டு போவன். செய்தவையின்ர பேரையும் பக்கத்தில எழுதி வைப்பம்."

பெயரைப் பக்கத்தில் எழுதி! அது போதும் எனக்கு. அன்றைக்கு இரண்டு தேத்தண்ணிக்கும் சீனி போட மறந்துவிட்டேன்.

'உன் பெயர்தான் வாராவாரம் பேப்பரில் வருகிறதே, இன்னும் என்ன பேராசை?' என்று கேட்பீர்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. என் எழுத்தை ஆசிரியர் ஐயா பிழை திருத்தித்தான் போடுகிறார். தையல் அப்படியில்லை. என் தையலில் இன்றுவரை ஒருவரும் ஒரு முடிச்சைக்கூடத் திருத்தியது கிடையாது.

என்னிடம் ஒரு முருகன் இருக்கிறார். சிவப்பு வெல்வெட்டில், கையாலேயே பூத்தையல் போட்டது. மயில், வேல், பின்னால் மலை. இரண்டு வருசம். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, வாசல் படியில் உட்கார்ந்து, கும்பிட்டுவிட்டு ஊசியை எடுப்பேன். மயில் கழுத்துக்கு நீலம் சரியாக அமையாமல் மாவனல்லை வரைக்கும் போய்த் தேடியிருக்கிறேன். "தங்கச்சி, கடையில இருக்கிற எல்லா நீலத்தையும் காட்டிட்டேன், இனிமே வானத்துலதான் வெட்டிக் கொண்டுவரணும்" என்று அந்தக் கடைக்கார நானா சலித்துக்கொண்டார்.

அந்த முருகன் கொழும்புக்குப் போவார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. வேறு என்ன இருக்கிறது இங்கே? ஒருத்தி கூடை கொண்டுவந்தாள். ஒருத்தி பேப்பர் பூ. பால் சிரட்டையில் லாம்பு செய்துகொண்டு வந்தார் ஒரு தாத்தா. எல்லாம் நல்லதுதான். ஆனால் என் முருகன்...!

வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டம் போட்ட படத்தைத் தனியாகத் தூக்க முடியாமல் நான்தான் புஷ்பத்தைக் கூப்பிட்டேன். என் வாயால் கூப்பிட்டேன். அப்போதுதான் வெட்டின றப்பர்ப் பாலை அளந்து கொடுத்துவிட்டு வேலையால் வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்கைக்கூடக் கழற்றாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள். படங்கு என்றால் வேறொன்றுமில்லை, மேலில் பால் படாமல் இருக்கச் சேலைக்கு மேலே கட்டுகிற சாக்கு.

மிஸ் என் முருகனைப் பார்த்தார். "எவ்வளவு வடிவு!" என்றார். அடுத்த நிமிசம் புஷ்பத்தின் இடுப்பைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ. இது என்ன?"

"படங்கு மிஸ். ஐயோ, கழட்டி வச்சிட்டு வந்திருக்கணும். மன்னிச்சுக்கங்க."

"கழட்டாதேங்கோ!" மிஸ் அவளைச் சுற்றி வந்தார். கோயில் சுற்றுகிற மாதிரி. "இந்த வலது பக்கத்தில என்ன இது?"

"அதுங்களா? மரத்து வெட்டுக்காயத்துல காஞ்சிருக்கிற ஒட்டுப்பாலை உரிச்சா கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும். இப்படித் துடைச்சுக்குவேன்." துடைத்தும் காட்டினாள். விரல்கள் அச்சாக அங்கே போய்ப் படுத்தன. தினமும் அதே இடத்தில் துடைத்துத் துடைத்து, பால் தட்டுத் தட்டாகக் காய்ந்து, ஐந்து விரல் தடித்து எழும்பி நின்றது. ஒரு கை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

"எத்தின வருசத்துப் படங்கு?"

"ஏழெட்டு இருக்கும் மிஸ். கிழிஞ்சா ஒட்டுப்போட்டுக்குவேன்."

"இதைத் தாறீங்களா? கண்காட்சியில வைக்க?"

"வேணாம் மிஸ், நாறும்!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

மிஸ் அந்தப் படங்கைக் கறுப்புச் சுவரில் தனியாகத் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் ஆள் படுக்கலாம் போல வெறும் சுவர். "பக்கத்தில வெறுமையா விட்டாத்தான் அக்கா, கண் அங்க இங்க ஓடாம அதில நிக்கும்" என்றார். எங்கள் வீடுகளில் வெறும் சுவர் என்று ஒன்று உண்டா? ஒரே ஆணியில் கலண்டர், கல்யாணப் படம், பிள்ளையின் டை எல்லாம் தொங்கும். ஆனாலும், ஜன்னல் வெளிச்சம் அந்த ஐந்து விரலில் விழுந்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

என் முருகனுக்கு எதிர்ப்பக்கத்து வெள்ளைச் சுவர். மிஸ் டேப் பிடித்து அளந்தார். நிற்கிற ஆளின் கண்ணுக்கு நேரே படத்தின் நடுப்பகுதி வர வேண்டுமாம். கண் மட்டம் என்றார்.

கண் மட்டமா? சாமிப் படத்தைத் தலைக்கு மேலேதானே மாட்டுவோம்? இங்கே முருகனின் பாதம் என் நெஞ்சுக்கு நேரே வருகிறது. அதைவிட முக்கியமாக... நாறுகிற படங்கும் அதே உயரம்!

"மிஸ், கொஞ்சம் மேல ஏத்துவோமுங்க."

"உயரத்தில கொழுவினா உங்கட தையல் ஆருக்குத் தெரியும் அக்கா? கிட்ட வந்து பாக்க வேணும். அதுக்குத்தான் இந்த உயரம்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை முழுக்க மிஸ்ஸையே கவனித்துக்கொண்டிருந்தேன். முருகனுக்கு முன்னால் இரண்டு தரம் நின்றார். படங்குக்கு முன்னால் ஐந்து தரம்.

ஞாயிறு விடிந்ததும் தலைவரிடம் சாவி வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். கூரை வளை மரத்துக்குக் கிட்ட, உச்சியில், புதிதாக ஆணி அடித்தோம். முருகனை ஏற்றி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பெரிய செவ்வந்தி மாலையாகப் போட்டு, கீழே ஸ்டூலில் குத்துவிளக்கும் திருநீற்றுத் தட்டும் வைத்து, கற்பூரமும் காட்டினேன்.

"இது என்ன, கோயிலா?" என்றார் வீட்டுக்காரர்.

"முருகன் இருக்கிற இடம் கோயிலுதான்."

"படங்குக்குப் போட்டியா முருகனை எறக்கியிருக்கன்னு சொல்லு."

"பேசாம ஸ்டூலைப் பிடிங்க!"

மிஸ் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "ஏன் அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"சாமியைக் கீழ வச்சா ஊருல பேசுவாங்க மிஸ்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதி உங்களுக்குத்தான் தெரியுமே.

"உங்கட சாமி. நான் எடுக்கச் சொல்லமாட்டன்" என்றார்.

சனம் வந்தது. எங்கள் தோட்டம், பக்கத்துத் தோட்டம், கீழே சிங்களக் கிராமம்... எல்லோரும் உள்ளே வந்ததும் நேராக யாரிடம் போனார்கள்? என் முருகனிடம்தான்! செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பார்த்தாயா புஷ்பம்?

ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

வருகிறார்கள். கை கூப்புகிறார்கள். கண்ணை மூடுகிறார்கள்! திருநீறு பூசிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருவராவது பார்க்க வேண்டுமே?

"மயில் கழுத்தைப் பாருங்க அக்கா, அந்த நீலம்..." என்று ஒரு அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஆமா தாயி. முருகா, என் மவனுக்கு ஒரு வேலையைக் குடுப்பா" என்று இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே பார்த்தேன். அந்த உயரத்தில் தையல் என்ன, வேலே தெரியவில்லை. மயிலை மாலை மறைத்துவிட்டது. கண்ணாடியில் கற்பூரப் புகை.

எதிர்ப்பக்கம் திரும்பினேன். படங்கின் முன்னால் கண்ணை மூடினவர் ஒருவரும் இல்லை. கிராமத்திலிருந்து வந்த, பால் வெட்டி ஓய்ந்த ஒரு சிங்கள அம்மா, அந்த ஐந்து விரலுக்கு நேரே தன் கையைத் தூக்கி, தொடாமல், அளவு பார்த்துக்கொண்டு நின்றார். "அபேகத் மெஹெமமய்" என்றார். நம்முடையதும் இப்படித்தான் என்று. சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் கையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள்... அந்த நேரத்தில் எனக்கு முருகன் மேலேயே பொறாமை வந்தது. இரண்டு வருசம் கண் வலிக்கத் தைத்தவள் நான். கும்பிடு முழுக்க அவருக்கு! இப்படி நினைத்துவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட பிறகும் நினைப்புப் போகவில்லை.

புஷ்பம் வெட்கப்பட்டு வாசலிலேயே நின்றாள். "ஊரே என் அழுக்கைப் பாக்குது அக்கா, மானம் போகுது" என்றாள். பிறகு உள்ளே வந்து முருகனைக் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்தும் போகவில்லை. பக்கத்தில் கிடந்த பெட்டியில் ஏறி, மாலையை ஒரு குச்சியால் விலக்கி, எக்கி எக்கிப் பார்த்தாள்.

"அக்கா..."

"என்ன?"

"மயிலுக்கு ஒரு கால்ல மூணு விரலு, ஒரு கால்ல நாலு விரலு போட்டிருக்கீங்க."

அன்றைக்கு வந்த அத்தனை சனத்தில் என் தையலைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளும் குற்றம் பார்த்தாள்!

பின்னேரம் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ரெண்டுக்கும் நடுவில நிண்டு யோசிச்சனான் அக்கா. இண்டைக்குச் சனம் எதைப் பாக்குது எண்டு பாத்து முடிவெடுப்பம் எண்டுதான்..." சொல்லிக்கொண்டே படங்கின் பக்கம் திரும்பினார்.

"இறக்கிர்றேன் மிஸ்! இப்பவே கண் மட்டத்துக்கு இறக்கிர்றேன்!" என்றேன்.

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். "என்ன தங்கச்சி, எறக்குறதா? இவ்வளவு சனம் கும்பிட்டு, கற்பூரம் காட்டின சாமியைச் செருப்புக் காலோட நடக்கிற கொழும்பு ஹோலுக்கு அனுப்புறதா? இனி இது கோயிலுக்குத்தான் சொந்தம்." சுற்றி நின்றவர்கள் "அரோகரா" என்று குரல் கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? முருகன் இருக்கிற இடம் கோயில் என்று காலையில் சொன்னதே நான்தானே! வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

தப்பு மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலமாகவே கொண்டுபோனார்கள். போகிற வழியில் தலைவரிடம் நைசாகக் கேட்டேன், "கீழ ஒரு ஓரத்துல... தைச்சவங்க பேரு..."

"சாமிப் படத்துல யாராவது பேரு போடுவாங்களா தங்கச்சி?"

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு 'உபயம்' என்று இவர் பெயர் இருக்கிறது. கேட்கவில்லை. சாமி காரியம்.

படங்கு திங்கட்கிழமை வேனில் கொழும்புக்குப் போனது. பக்கத்தில் மூன்று மொழியில் புஷ்பத்தின் பெயர் வருமாம். மிஸ்ஸிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒன்றைப் பார்க்க வைக்க வேண்டுமானால் அதைப் பெரிதாக்கக் கூடாது, கண்ணுக்கு எட்ட வைக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முருகன் செலவானது.

நேற்று முன்தினம் புஷ்பம் வாசலில் வந்து நின்றாள். கையில் புதுச் சாக்கு. "கட்டிக்கிட்டுப் போக படங்கு இல்லக்கா. உங்க கைத் தையலுன்னா பிரியாது. அடிச்சுத் தாறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். மடித்து, ஓரம் அடித்து, நாடா வைத்துக் கொடுத்தேன்.

வலது பக்கத்து ஓரத்தில், சின்னதாக, முடிச்சுத் தையலில் என் பெயரையும் போட்டிருக்கிறேன். பால் படாத இடமாகப் பார்த்துத்தான்!