தயாளன் திட்டிய வீடுகள்

தயாளன் இறந்த செய்தி, அம்பத்தூரில் என் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. ஹோம் தியேட்டர் ஆர்வலர்களுக்கான நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய பழைய படம் ஒன்றைப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, ‘ஒலி மேதை மறைந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். பட்டாபிராம் வீட்டில், காலையில், மாரடைப்பு. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே ஒருவர், தன்னிடம் பழைய ஆம்ப்ளிஃபயர் விற்பனைக்கு இருப்பதாக விவரம் போட்டிருந்தார். பழக்கதோஷத்தில் அதற்கும் இருவர் கும்பிட்டிருந்தார்கள்.

இதே குழுவிலிருந்து அவனை இரண்டு முறை நீக்கியவர்கள் நீங்கள். இப்போது இனிமையானவன், பண்பானவன் என்று எழுதுகிறீர்கள். இனிமையானவனாம்! பெயர்தான் தயாளன். அவனிடம் திட்டு வாங்காதவர் நம்மில் ஒருவரும் கிடையாது. உங்களைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் அஞ்சலிக் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டீர்கள். ஏழு வருடம் அவனோடு கூட்டாகத் தொழில் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த தயாளனைச் சொல்கிறேன்.

எங்கள் வேலைப் பங்கீடு எளிமையானது. ஸ்பீக்கர்களை விற்று மாட்டுவது நான். அறையைக் கேட்கத் தகுந்ததாக மாற்றுவது அவன். மரச்சட்டத்துக்குள் ஓசையை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சை அடைத்து, மேலே துணி இழுத்துக் கட்டி, சுவரில் பலகை பலகையாக மாட்டுவான். கனமான திரை, தரைவிரிப்பு, சோபாவை எங்கே போடுவது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் கூடத்தின் நடுவே நின்று ஒரு தடவை கை தட்டுவான். தட்டிய ஓசை சுவர்களில் மோதித் திரும்பி வருவதைக் காது கொடுத்துக் கேட்பான். பிறகு வீட்டுக்காரரைத் திட்டத் தொடங்குவான்.

“ஸ்பீக்கர் ஒரு பக்கம் பேசுது சார், செவுரு ஒரு பக்கம் பேசுது. நீங்க யார் பேசறதைக் கேக்கப்போறீங்க? இது கூடமா, பாத்ரூமா?” கொரட்டூரில் ஓர் ஆசிரியர் வீட்டில் அவன் இப்படிக் கேட்டபோது, அந்த அம்மா கொண்டுவந்த காபியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

வெள்ளானூரில் நடந்ததை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள். மனைத் தொழிலில் பணம் பார்த்த ஒருவர் அங்கே மாளிகை கட்டி, மாடியில் ஒரு தியேட்டர் அறை போட்டிருந்தார். பளிங்குத் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. என் கடையிலேயே பெரிய ஸ்பீக்கர்கள் அவர் வாங்கியவைதான். உள் அலங்காரம் செய்த ஆள், முட்டை அட்டை போல மேடு பள்ளமான ஸ்பாஞ்சைச் சிவப்பும் கறுப்புமாகச் சுவரெங்கும் ஒட்டியிருந்தான். திறப்பு விழாவுக்கு ஊரைக் கூப்பிட்டிருந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டபடி எல்லோரும் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பாராட்டினீர்கள். ஓடிய படத்தில் ஒருவருக்கும் ஒரு வசனமும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமும் இல்லை. எனக்கும்தான்.

தயாளன் மூலையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தான். வீட்டுக்காரரை மொட்டைமாடிக்கு வரச்சொன்னான். விருந்தாளிகளும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஏறினார்கள். துண்டைத் தரையில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான். குப்பென்று பற்றி, உருகிச் சொட்டி, கரும்புகையாகக் கிளம்பியது.

“இதுல சவுண்டும் நிக்காது, ஒண்ணும் நிக்காது. கீழ ஒரு ஒயரு சூடானா, கதவு வரைக்கும்கூட ஓட முடியாது. இதுக்குள்ள புள்ளைங்களை உக்கார வச்சிருக்கீங்களே, அறிவு கீதா?”

வீட்டுக்காரர் முகம் சிவந்து என்னைப் பார்த்தார். “யாருய்யா இந்த ஆளு? நீதானே கூட்டிட்டு வந்தே?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்டேன். தயாளனுக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறான் என்று பொய் சொன்னேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான். கூட்டுத் தொழில் அன்றோடு முடிந்தது. அதன்பிறகு அதே ஸ்பாஞ்சை நானும் என் கடையில் அடுக்கினேன். அழகாக இருக்கிறது என்று வாங்கிப் போனார்கள். வாங்கியவர்களைவிட விற்றவனே கேவலம்.

இரண்டு வருடம் பேச்சில்லை. அப்புறம் ஏழுமலை விஷயம் வந்தது.

ஏழுமலை, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்தில் காது கொஞ்சம் மங்கியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் புது வீட்டுக்கு வந்ததும் டிவியில் பேசுவது ஒன்றுமே புரியவில்லை என்றார். மகன் என் கடைக்கு வந்தான். பெரிய ஸ்பீக்கர் கொடுத்தேன். புரியவில்லை. அதைவிடப் பெரியதைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்களே தவிர, அவருக்குப் புரியவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்த அன்று, “செவுட்டு மனுஷனுக்கு எது வாங்கினாலும் தண்டம்” என்று மகன் அவர் எதிரிலேயே என்னிடம் சொன்னான். நான் தலையாட்டினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லோரும் டிவி பார்க்கும் நேரத்தில் தினமும் அப்படித்தான் என்று மருமகள் சொன்னாள்.

அன்று இரவே தயாளனுக்குப் போன் செய்தேன். “விலாசத்தைச் சொல்லு” என்றான்.

வந்தான். கை தட்டினான். டைல்ஸ் ஒட்டிய சுவர், வெற்றுத் தரை, திரையில்லாத ஜன்னல். ஓசை திரும்பத் திரும்ப வந்தது. முதல் வேலையாக ஏழுமலையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோபாவில் உட்கார வைத்தான். மருமகளிடம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, பக்கத்துச் சுவரை ஒட்டி மெதுவாக நகர்த்தினான்.

“நைனா, கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் எப்போ தெரியுதோ அப்போ சொல்லு.”

“இதோ, தெரியுது!”

“அங்கதான் சத்தம் மோதிக்கினு உன் காதுக்கு ரெண்டாந்தபா வருது” என்று சொல்லிப் பென்சிலால் குறித்தான். எதிர்ச் சுவரிலும் அப்படியே செய்தான். மறுவாரம் துணி கட்டிய பலகைகளைக் குறித்த இடங்களில் மாட்டினான். ஜன்னலுக்குக் கனத்த திரை, தரைக்கு ஜமுக்காளம். பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவை முன்னால் இழுத்தான். நான் விற்ற பெரிய ஸ்பீக்கர்களைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, குவார்ட்டர்ஸிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த பழைய சின்ன ஸ்பீக்கரையே மாட்டினான்.

செய்தி ஓடியது. ஏழுமலை டிவி பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு செய்தி வாசிப்பவர் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாக, பள்ளிக்கூடத்துப் பையன் போல, திரும்பச் சொன்னார். செங்குன்றம் ஏரியில் நீர்வரத்து அதிகரிப்பு என்றார். நாளை மிதமான மழை என்றார்.

மகன் குனிந்து அவர் காதருகே, “கேக்குதாப்பா?” என்றான்.

“கத்தாதடா. கேக்குது.”

தயாளன் மகன் பக்கம் திரும்பினான். “இத்தினி நாளா இவரைச் செவுடுன்னு சொன்னியே, செவுடு உன் ஊடுதான்யா. பெத்தவரைப் பின்கட்டுல குந்தவச்சுட்டு உனக்குத் தியேட்டர் ஒரு கேடா?” மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நன்றி சொன்னேன். அதற்கு அவன் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது. “இன்னா மாமே நன்றி? ரூம்புதான் கோளாறுன்னு உனக்குத் தெரியாதா? ஏழு வருஷம் என்கூட சுத்தினவன்தானே நீ. தெரிஞ்சேதான வித்தே?”

ஆமாம். தெரிந்தேதான் விற்றேன்.

சாவு வீட்டுக்கு நம் குழுவிலிருந்து நான்கு பேர் வந்திருந்தோம். மற்றவர்களுக்குப் போக்குவரத்து நெரிசலாம். பட்டாபிராமில் ரயில் நிற்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஏழுமலை மகனோடு வந்து, மாலை போட்டுவிட்டு, கடைசிவரை நின்றார். தயாளனின் மனைவி கலா என்னிடம், “அவரு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தா ஊரே வந்திருக்கும்ணே” என்றாள். வராதவர்களால் குறையில்லை அம்மா என்று சொல்ல நினைத்தேன்.

போன வாரம் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். வசனம் புரியவில்லை, இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கராகக் காட்டுங்கள் என்றார்கள். போனில் வீட்டுக் கூடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஸ்பீக்கர் வேண்டாம், முதலில் திரையும் ஜமுக்காளமும் போடுங்கள், பத்து நாள் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். இருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அரைமணி நேரத்தில் பெரிய பெட்டியோடு வெளியே வந்து, ஆட்டோவில் ஏற்ற முடியாமல் தடுமாறினார்கள்.

தயாளனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ‘வேண்டாம்’ ஒன்றுதான். அதையும் நான் வாடிக்கையாளர் மனம் கோணாமல், சிரித்த முகத்தோடுதான் சொல்கிறேன். அவன் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சிரிப்புக்காகவே என்னைக் காறித் துப்பியிருப்பான்.