மேடைக்கு ஆகாத காலர்

காலர் வைத்துத் தைத்த அந்த ரவிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ரவிக்கையின் மேல் அல்ல, அதைப் பார்த்துப் பேசியவர்களின் மேல்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம். மலாக்கா டவுனில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் நான் வேலை பார்த்தேன். வருகிறவர்களின் பெயரை எழுதி உட்கார வைப்பது, போனை எடுப்பது, அழுகிற பிள்ளைகளுக்குப் பேச்சுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. காஜா பேராங்கில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் சைக்கிளில் போய் வந்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் தடங்கலில்லாமல் பேசுவேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மருத்துவரின் மனைவி லண்டனிலிருந்து ஒரு பெண்கள் பத்திரிகையை வரவழைத்து, படித்து முடித்ததும் கிளினிக்கில் கொண்டுவந்து போடுவார். பல்வலியோடு வருகிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள். புரட்டியது நான் ஒருத்திதான். கப்பலில் வருவதால் இலையுதிர்காலத்து இதழ் எங்களிடம் வந்து சேரும்போது அங்கே குளிரே முடிந்திருக்கும். பாரிஸ் உடைக்காட்சி மேடையில் ஒல்லியான பெண்கள் கம்பளிக் கோட்டும் கையுறையுமாக வரிசையாக நடந்துபோகிற படங்கள் அப்படி வந்த ஓர் இதழ் முழுக்க இருந்தன. துருப்பிடித்த இரும்பு நிறம், கடுகு நிறம், பாசி நிறம். கழுத்தை ஒட்டாமல் தள்ளி நிற்கிற அகலமான காலர். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிற கை. கோட்டுக்கு ஒரே ஒரு பெரிய பொத்தான்.

படத்துக்குப் பக்கத்தில், மேடையில் பார்த்ததை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள், உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு எது ஒத்துவருமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. லண்டன்காரிகளுக்காக எழுதியதுதான். ஆனால் எனக்கே சொன்னது போலிருந்தது. மருத்துவரின் மனைவியிடம் கேட்டு அந்த இதழை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அண்ணிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தே தையலைப் பிரித்துச் சொல்லிவிடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அன்றைக்குச் சோறு வடித்துவிட்டு வந்து பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல இந்தக் கம்பளிய போட்டா மயக்கம் போட்டு விழுந்துருவே," என்றாள்.

"கம்பளி வேணாம் அண்ணி. கையுறையும் வேணாம். இந்தக் காலரு, இந்தக் கை, இந்தக் கலரு. ரவிக்கைல வருமா?"

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலரு புதுசா என்னா? எங்க எஸ்டேட்ல ரப்பர் மரம் எல கொட்டுறப்ப இந்தக் கலருதான். அங்கயும் ரப்பர் மரம் இருக்கா?"

இல்லை என்றேன். அவள் சிரித்தாள்.

டவுனில் துணிக்கடைகள் ஏறி இறங்கி, துரு நிறத்தில் பருத்தித் துணியும் கடுகு நிறத்தில் மெல்லிய வாயில் புடவை ஒன்றும் தேடிப் பிடித்தேன். அண்ணி பழைய செய்தித்தாளில் காலரை வெட்டி என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் தைத்த காலர் வியர்வையில் நனைந்து நாய்க் காது மாதிரித் தொங்கிவிட்டது. பிரித்து, உள்ளே விறைப்பான துணி கொடுத்து மறுபடி தைத்தாள். இரண்டாவது காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. சைக்கிளில் போகும்போது அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து பிடரி குளிர்ந்தது. குளிர் நாட்டுக்காரிகள் கோட்டுக்கு வைத்த காலர் எங்கள் ஊர் வெயிலுக்குத்தான் பொருந்தியது.

பக்கத்தில், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறி மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட சிட்டித் தமிழர்களின் கம்பத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். அவளுக்குத் தமிழ் வராது, நாங்கள் மலாயில்தான் பேசுவோம். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் அணிந்து அவள் நடந்தால் சடக்கில் சைக்கிளில் போகிறவர்கள்கூட திரும்பிப் பார்ப்பார்கள். என் ரவிக்கையைப் பார்த்ததும், "சாந்தேக் லா," என்றாள். அழகாயிருக்கிறதாம். பிறகு காலரைத் தடவிப் பார்த்து, தன் சட்டையும் எத்தனையோ ஊர்ப் பெண்களின் கைபட்டு வந்ததுதான், அதனால் அவள் சாமிக்கு அவளை அடையாளம் தெரியாமல் போய்விடவில்லை என்று சொன்னாள். அதுதான் சரியான பேச்சு. எங்கள் வட்டாரத்துத் தமிழர் சங்கத்தில் அப்படிப் பேச ஒருவர்கூட இல்லை.

சுதந்திரத்தையொட்டி அந்தச் சங்கம் ஒரு கலைவிழா நடத்தியது. மலாய்க்காரர்களையும் சீனர்களையும் அழைத்திருந்தார்கள். மூன்று மொழியிலும் அறிவிப்புச் செய்ய ஆள் வேண்டும் என்று சங்கத்துச் செயலாளரே வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். அவர் அரசாங்க ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. நான் ஒத்துக்கொண்டேன். ஒத்திகையில் எல்லோரும் பாராட்டினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை நடந்து நடந்து பேசி மனத்திலேயே உருவாக்கி வைத்திருந்தேன்.

விழா அன்று சாயங்காலம் கடுகு நிறப் புடவையும் துரு நிற ரவிக்கையுமாக அண்ணியோடு மண்டபத்துக்குப் போனேன். செயலாளர் மனைவியோடு வாசலில் நின்றிருந்தார். கறுப்புக் கம்பளிக் கோட்டு, கழுத்தை இறுக்கிய டை, காலில் கோட்டுக்கேற்ற சிலுவார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"என்னாம்மா இது, கழுத்துல?"

"காலர் சார்."

"அது தெரியுது. இன்னைக்கு என்னா நாளு? வெள்ளைக்காரன் போறான்னு கொண்டாடுறோம். நீ தொரசாணி மாதிரி காலர் வெச்சுக்கிட்டு மேடையில நிக்கப்போறியா? கலரும் சருகு கலரு. நல்ல காரியத்துக்கு எந்தப் பொண்ணு இதப் போடுவா?"

"நீங்க போட்டிருக்கிற கோட்டு எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு சார்?" என்று கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஆண்கள் எல்லோருமே கோட்டில்தான் இருந்தார்கள்.

"ஆம்பளைங்க சமாச்சாரம் வேற," என்றார்.

"என்னா வேற சார்?"

"எதுத்துப் பேசாத. வீடு பக்கத்துலதான. போயி செவப்போ பச்சையோ ஒரு பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு, சாதா ரவிக்க போட்டுக்கிட்டு வா. இல்லன்னா மேடை ஏற வேணாம்."

வீடு பக்கம்தான். பெட்டியில் சிவப்புப் பட்டும் இருந்தது. போய் மாற்றிக்கொண்டு வந்திருந்தால் மேடை எனக்குத்தான். அதற்காக நான் உண்மையில் ஏங்கியிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தேன். வெளி ஆண்களிடம் நிமிர்ந்து பேசி அவளை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"அவ எங்கயும் போவ மாட்டா சார். கை முட்டிக்குக் கீழ இருக்கு, கழுத்து மூடியிருக்கு. இதுல என்னா கொறை? ரப்பர் மரத்து எல இந்தக் கலருலதான் கொட்டும். அந்த மரத்துல பால் வெட்டித்தான் நம்ம ஆளுங்க சோறு தின்னாங்க."

அவர் திரும்பி, தன் ஆபீசில் வேலை செய்யும் ஓர் இளைஞனைக் கூப்பிட்டு அறிவிப்பை அவனிடம் கொடுத்துவிட்டார்.

நானும் அண்ணியும் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பின்னால் போங்கள் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. அந்தப் பையனும் கோட்டுதான் போட்டிருந்தான். தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. மலாய் அவனுக்குக் கடைத்தெருவில் பேசுகிற அளவுதான் வரும். அழைப்பை மதித்து வந்திருந்த மலாய்க் குடும்பங்கள் மேடையில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் மரியாதைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் என் பக்கம் குனிந்து, இந்த ஆட்டம் எதைப் பற்றியது என்று கேட்டார். சொன்னேன். அடுத்ததற்கும் கேட்டார். அவருடைய குடும்பம் முழுக்க என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. மேடையில் நின்று சொல்ல வேண்டியதை நாற்காலியில் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரனுடைய கோட்டும் டையும் தோல் சப்பாத்தும் தலைவாரலும் ஆண்களின் உடம்பில் ஏறினால் அது நாகரிகம். ஆபீசில் அவன் மொழியில் பேசினால் அது உத்தியோகம். பெண்ணின் கழுத்தில் ஒரு முழத் துணி ஏறினால் மட்டும் இனமே மானம் கெட்டுப்போகிறது. பண்பாட்டை யாராவது சுமக்க வேண்டுமாம், அது நாங்களாகவே இருக்க வேண்டுமாம். அவர்கள் கம்பளிக்குள் வெந்துகொண்டு அதை மேற்பார்வை பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தது அவர்கள்தான். எங்கள் வெயிலுக்கு ஒத்துவருவதை மட்டும் பொறுக்கியெடுத்து, பிரித்து, மறுபடி தைத்து உடுத்தியவள் நான். சங்கத்தில் வேஷக்காரி என்ற பெயர் மட்டும் எனக்கு வந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "ஒரு ரவிக்கைக்காக ஊரோட எதுக்கு வம்பு?" என்று கேட்டார். "ரவிக்கைக்காக வம்பு பண்ணது அவரு," என்று அண்ணி சொன்னாள். அண்ணன் படுக்கப் போய்விட்டார். எனக்காக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விழாவில் தேநீர் குடிக்கும்போதே இரண்டு மூன்று பெண்கள் வந்து காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் துணியோடு வீட்டுக்கு வந்தார்கள். செமாபோக்கிலிருந்து ஒரு டீச்சர் வந்தார், புக்கிட் பாருவிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். ஒருத்திக்குக் காலர் சின்னதாக வேண்டும், இன்னொருத்திக்குக் கை இன்னும் நீளமாக. அவரவர் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ப அண்ணி மாற்றிக்கொடுத்தாள். பாரிஸ்காரி பார்த்தால் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு அது மாறிப்போனது.

தீபாவளி நெருங்கியபோது செயலாளரின் மனைவி வந்தாள். கையில் கரும்பச்சைத் துணி. எனக்கு முகம் கொடுக்காமல் அண்ணியிடம், "அந்தப் பொண்ணு போட்டிருந்துச்சே, அதே மாதிரி," என்றாள். நான் உள்ளே போய்விட்டேன். அவள் போனதும் அண்ணியிடம் சண்டைக்கு நின்றேன்.

"அவங்களுக்கு எப்படித் தெச்சுக் குடுப்பீங்க? அவங்க புருஷன் என்னா பேசுனாரு?"

"பேசுனது அவரு. இவங்க வாயத் தொறந்தாங்களா?"

"தொறக்கவே இல்லயே அண்ணி. அதுதான் எனக்கு ஆத்திரம்."

அண்ணி துணியை மடித்து வைத்தாள். "அந்த வூட்ல இவங்களுக்குப் புடிச்சத இவங்க போட்டு நீ பாத்திருக்கியா?" என்றாள்.

நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அண்ணி தைத்தாள். போட்டுப் பார்க்க அந்த அம்மாள் மறுபடி வந்தபோது நான் அங்கேயே நின்றேன். கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், "நீ அன்னைக்கு மேடை ஏறியிருக்கணும்," என்றாள். "ஒங்க வீட்ல போயி சொல்லுங்க," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தீபாவளியன்று கோயிலில் அவள் அந்த ரவிக்கையோடு கணவன் பக்கத்தில் நின்றாள். அவர் என்னைப் பார்த்து எதுவுமே நடக்காதது போல, "வாம்மா, நல்லாருக்கியா?" என்று கேட்டார். மனைவியின் கழுத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான் அவரைத் தாண்டிப் போனேன். அந்தச் சங்கம் அதற்குப் பிறகு என்னை எதற்கும் கூப்பிடவில்லை.